பெயர்தானே ரகசியம், முகவரியுமா?

ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவில் இறங்கி, டாஸ்மாக் எங்கே என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். ஏ.ஏ. மீட்டிங், அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம், எங்கே நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அதைக் கண்டுபிடிக்க எனக்கும் என் தம்பிக்கும் இரண்டு வருஷம் ஆயிற்று. (எனக்கு மூன்று தம்பிகள். எவன் என்று சொல்லப் போவதில்லை. அவன் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.)

அந்த இரண்டு வருஷத்தில் கிடைத்த ஆலோசனைகளுக்குக் குறைவில்லை. ஒருவர் கயிறு கட்டச் சொன்னார். இன்னொருவர், அவனுக்கே தெரியாமல் சாம்பாரில் கலக்க ஒரு பொடி கொடுத்தார். அதில் என்ன இருக்கிறது என்று கொடுத்தவருக்கே தெரியாது. என் மனைவி தூக்கி எறிந்தாள். நாங்களாகவே ஒரு தடவை அவனை அறையில் பூட்டி வைத்துக் குடியை ஒரேயடியாக நிறுத்தினோம். மூன்றாம் நாள் வலிப்பு. பல வருஷம் தினமும் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும் என்று ஆஸ்பத்திரியில்தான் தெரிந்துகொண்டோம். மீட்டிங் வைத்தியத்துக்கு மாற்று அல்ல. வைத்தியம் முடிந்து வீட்டுக்கு வந்தவன் மறுபடி கடைப் பக்கம் போகாமலிருக்க உதவுவது.

ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் துண்டுச் சீட்டில் முகவரி எழுதிக் கொடுத்தார். போரூர் தாண்டி, ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. பதினைந்து பேர் இருப்பார்கள். ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்துத் தன் கதையைச் சொன்னார்கள். கட்டணம் இல்லை, பதிவேடு இல்லை, உபதேசமும் இல்லை. கடைசியில் டீச் செலவுக்கும் அறை வாடகைக்கும் ஒரு பை சுற்றி வந்தது. நான் போட்ட நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வெளியாரிடம் பணம் வாங்க மாட்டார்களாம். (அது குடும்பத்தாரும் உட்காரக்கூடிய திறந்த கூட்டம். குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டுமேயான கூட்டங்களும் உண்டு.)

எதிர் பெஞ்சில் இருந்தவரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பேட்டைக்காரர். பல வருஷமாக அங்கே வருகிறவர். டிப்போ வாசலில் விழுந்து கிடந்த என் தம்பியை இரண்டு தடவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பியவரும் அவரே! (அடையாளம் தெரியாதிருக்க விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.)

"ஏன் சார், அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்களே சார். பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டிருந்தோம்."

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பெண் பார்க்க வருகிறவன் நாலு ரவுண்டு போடுவதை "சோஷியல் டிரிங்கிங்" என்று ஏற்றுக்கொண்டு, குடியை விட்ட அப்பனைக் கண்டு முகம் சுளிக்கிறோமே, நம்மைத்தான் சொல்ல வேண்டும்.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். லிமிடெட் கம்பெனிக்கு பிரெஞ்சில் "சொசியேத்தே அனொனிம்" என்று பெயர். முன்பெல்லாம் பங்குதாரர்களின் பெயர் கம்பெனிப் பெயரில் வராது. ஆனால் வாசலில் போர்டு தொங்கும், முகவரி இருக்கும். இந்த அனானிமஸும் அப்படித்தான். ஆளின் பெயர்தான் ரகசியம், இடம் ரகசியமல்ல. 1935ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் ஆரம்பித்த இயக்கம் இது. இந்தியாவில் அது கால் வைத்ததே பத்திரிகை விளம்பரத்தால்தான். 1957ல் டெல்லி கனடா தூதரகத்தில் வேலை பார்த்த ஓர் உறுப்பினர் விளம்பரம் கொடுக்க, பம்பாயிலிருந்து ஒருவர் பதில் போட்டார்.

நம் சென்னையையே பாருங்கள். 1979ல் குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அதை மூடி மறைக்கவில்லை. டி.டி.கே. மாதிரி பெரிய குடும்பம். அவர் நினைத்திருந்தால் "ஹார்ட் அட்டாக்" என்று சொல்லி முடித்திருக்கலாம். மறு வருஷமே கணவர் பெயரில் அறக்கட்டளை ஆரம்பித்தார். இந்திரா நகர் டி.டி.கே. ஆஸ்பத்திரி அதனால் வந்தது. 1992ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவருக்கில்லாத மானம், அரைக் கிரவுண்டு வீட்டுக்காரர்களான நமக்கு எங்கிருந்து வந்தது?

தம்பி இன்னமும் இரண்டு பஸ் மாறித்தான் போகிறான். மழை வந்தால், முட்டி வலித்தால், போக முடிவதில்லை. அதனால் எங்கள் குடியிருப்போர் சங்க ஹாலை வாரம் ஒரு மாலை, ஒன்றரை மணி நேரம், ஒரு குழுவுக்குக் கேட்டேன். சும்மா இல்லை, வாடகைக்கு. வாரத்தில் ஐந்து நாள் பூட்டிக் கிடக்கிற ஹால். "கண்டவங்க வந்து போவாங்க, ஃபேமிலி இருக்கிற இடம் சார்" என்றார் செயலாளர். வரப்போகிறவர்கள் குடியை விட்டவர்கள், ஐயா! டிசம்பர் 31 ராத்திரி மொட்டை மாடியில் தீர்த்தவாரி நடத்துகிறவர்கள்தான் ஃபேமிலியோ?

போன பொதுக்குழுவில் இதைப் பேச எழுந்தபோது "நேரமில்லை" என்று உட்கார வைத்தார்கள். முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க ஆபீஸில் கோப்பு பார்த்தவன் நான். இந்தத் தடவை எழுத்து மூலம் கொடுத்து, தேதியும் சங்க முத்திரையும் போட்ட ஒப்புதல் நகல் வாங்கி வைத்திருக்கிறேன்.