நாறுவது கேஸ் அல்ல

தாம்பரம் பக்கம் ஏதாவது ஒரு மெக்கானிக் ஷெட்டில் போய், "ஏசி போட்டா ஒரு வாடை வருதுண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். கார் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே பதில் வந்துவிடும்: "கேஸ் கம்மியா இருக்கும் சார். அடிச்சிட்டா சரியாயிடும்." கார் ஓட்டுகிறவர்களும் இதையேதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், மாமா சொல்வார், கால் டாக்சி ஓட்டுகிற தம்பி சொல்வார். இத்தனை பேர் சொல்வது தவறாக இருக்காது என்று நானும் நம்பினேன்.

போன வருடம் மே மாதம், அந்த நம்பிக்கையில் 1,800 ரூபாய் கொடுத்துக் கேஸ் அடித்தேன். இரண்டு நாள் வாடை இல்லை. மூன்றாவது வாரம், சேலையூரிலிருந்து கிளம்பி கேம்ப் ரோடு சிக்னலைத் தாண்டுவதற்குள் அதே நாற்றம். துவைக்காமல் வாளியில் இரண்டு நாள் கிடந்த ஈரத்துணி போல. பின் சீட்டில் இருந்த அம்மாவுக்குத் தொடர் தும்மல். அவருக்கு வீசிங் உண்டு. அன்றுதான் இந்தக் 'கேஸ்' கதையை விடாமல் விசாரிக்க ஆரம்பித்தேன்.

கேஸ் என்று நாம் சொல்வது கம்ப்ரசர், கண்டென்சர், கூலிங் காயில் என்று மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருகிற பொருள். நம் முகத்தில் அடிக்கிற காற்று அந்தக் குழாயின் வெளிப்புறத்தைத் தொட்டுக் குளிர்ந்து வருகிறதே தவிர, கேஸோடு கலப்பதில்லை. ஒரு சின்னக் காரில் கேஸ் ஏறக்குறைய அரை கிலோதான் இருக்கும். கசிவு இல்லாவிட்டால் பெட்ரோல் மாதிரித் தீர்ந்துபோகாது. கசிந்து குறைந்தால் குளிர்ச்சி குறையும். அதுதான் அறிகுறி. காற்று ஜில்லென்று வருகிறது, ஆனால் நாறுகிறது என்றால், சந்தேகப்பட வேண்டிய கடைசி ஆள் கேஸ். நம் ஊரில் ஓடும் கார்களில் பெரும்பாலும் இருக்கும் ஆர்134ஏ கேஸுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான மணமே கிடையாது. புவி வெப்பத்தைக் கூட்டுவதில் அது கரியமில வாயுவைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் வீரியம் கொண்டது. காரணமே இல்லாமல் அதைக் காற்றில் திறந்துவிட்டுப் புதிதாக நிரப்புவது பணத்துக்கு மட்டுமான நஷ்டம் அல்ல.

"கேஸ் அடிச்சதும் வாடை நின்னுச்சே?" என்று கேட்பார்கள். எனக்கும் நின்றது. கேஸ் நிரப்பும் முன் வாக்யூம் போடுகிற அரை மணி நேரம் ஏசி ஓடாது, கதவெல்லாம் திறந்து கிடக்கும். அந்த நேரத்தில் கூலிங் காயில் ஓரளவு காய்ந்துவிடுகிறது. இரண்டு நாள் நிம்மதிக்குக் காரணம் அப்படிக் காய்ந்ததுதான்.

ஏனென்றால் விஷயம் முழுக்கத் தண்ணீரில் இருக்கிறது. 30 டிகிரி வெயில், 75 சதவீத ஈரப்பதம் என்பது சென்னைக்குச் சாதாரண நாள். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 23 கிராம் நீராவி இருக்கும். அதையே 10 டிகிரிக்குக் குளிர்வித்தால் ஒன்பது கிராம் சொச்சம்தான் தங்கும். மிச்சம் அத்தனையும் கூலிங் காயிலின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே நீராகப் படிந்து, அடியிலிருக்கும் தட்டில் சேர்ந்து, டிரெயின் பைப் வழியாகத் தெருவில் சொட்டுகிறது. காருக்கு அடியில் சொட்டும் அந்தத் தண்ணீரைப் பார்த்து லீக் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. உண்மையில் மே மாத மதியத்தில் அரை மணி ஏசி ஓடியும் ஒரு சொட்டு விழவில்லை என்றால்தான் பயப்பட வேண்டும். இருட்டு, ஈரம், கூடவே கொஞ்சம் தூசி என்று மூன்றும் கூடிய இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறும். 1999-லேயே அமெரிக்காவின் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கார் ஏசிகளின் இந்தத் தகடுகளில் இரண்டும் கலந்து படலமாக வளர்ந்திருந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். நம் மூக்கில் ஏறுவது அந்தப் படலத்தின் மூச்சு.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு சின்ன ஷெட்டில்தான் இதைக் கண்ணால் பார்த்தேன். மெக்கானிக் தம்பி கேஸ் மீட்டரைத் தொடவே இல்லை. க்ளவ் பாக்ஸைக் கழற்றி, அதன் பின்னாலிருந்து ஏசி பில்டரை உருவி என் கையில் கொடுத்தார். வெள்ளையாக இருக்க வேண்டியது சாம்பல் நிறத்தில் இருந்தது. மடிப்புகளில் வேப்பம்பூ, ஒரு தட்டானின் இறக்கை, காய்ந்து சருகான செவ்வந்தி இதழ்கள். செவ்வந்தி எங்கிருந்து வந்தது என்று ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு நினைவுக்கு வந்தது, ஆயுத பூஜை! பானெட்டில் நான் ஆசையாகச் சாத்திய மாலை. வைப்பருக்குக் கீழே உள்ள சல்லடை வழியாகத்தான் கார் வெளிக்காற்றை இழுக்கிறது. பூவும் இலையும் அதற்குள் விழுந்து, அதில் பொடியானது பில்டர் வரை வந்து எட்டு மாதமாக ஊறிக் கிடந்திருக்கிறது. அடுத்து அவர் காருக்கு அடியில் படுத்து, டிரெயின் பைப்பின் முனையில் அடைத்திருந்த மண்ணை ஒரு கம்பியால் மெதுவாக நெம்பினார். ஒரு சொம்புத் தண்ணீர், கறுப்பாக, கொடகொடவென்று கொட்டியது. இத்தனை நாளாக அந்தத் தண்ணீரின் மேல் தவழ்ந்து வந்த காற்றைத்தான் அம்மா சுவாசித்திருக்கிறார் என்று நினைத்தபோது வயிற்றைப் புரட்டியது. புது பில்டர், கூலிங் காயிலுக்கு நுரை கிளீனர், கூலி எல்லாம் சேர்த்தும் கேஸுக்குக் கொடுத்ததைவிடக் குறைவாகவே ஆனது.

இரண்டாவது நம்பிக்கை, பெர்ப்யூம். ஏசி வாயில் செருகும் பாட்டில், டேஷ்போர்டில் ஜெல், கற்பூரக் கட்டி. இவை படலத்தை ஒன்றும் செய்யாது. நாற்றத்தின் மேல் இன்னொரு மணத்தைப் பூசும், அவ்வளவே. வீசிங் உள்ளவர்களுக்கு அது இரண்டாவது தொல்லை. அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. வாடைதான் சில சமயம் எச்சரிக்கை. தித்திப்பான வாடை வந்தால் ஹீட்டர் வழியாகக் கூலண்ட் கசியலாம். பிளாஸ்டிக் கருகிய வாடை வயரிங்கைக் காட்டும். புகை வாடை உள்ளே வந்தால் உடனே ஓரங்கட்டிக் கண்ணாடியை இறக்க வேண்டும். அதோடு சேர்ந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. மல்லிகை வாசத்தில் இதையெல்லாம் மூடி மறைப்பது நல்லதல்ல.

மூன்றாவது, "வெளிக்காத்தைத் திறக்கவே கூடாது" என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் பெருங்குடிக் குப்பைமேட்டுப் பக்கம் போகும்போது, பம்மல் தோல் தொழிற்சாலைகளைத் தாண்டும்போது, ஜிஎஸ்டி ரோட்டில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது மூடத்தான் வேண்டும். ஆனால் வருடம் முழுக்க மூடியே வைத்தால் கார் தன் உள்காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றும். அந்தக் காற்றை இழுக்கும் வாய் பெரும்பாலான கார்களில் முன்பக்கத்து இடது சீட்டின் கால் வைக்கும் இடத்தருகே, க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. கால்மிதி நனைந்திருந்தால் அந்த நாற்றமும் ஏசி வழியாகவே முகத்துக்கு வரும்.

இது நம் பகுதிக்கு மிக முக்கியம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படி நனைந்த காரில் மேல் கார்ப்பெட் ஒரே வாரத்தில் காய்ந்துவிடும். அடியிலிருக்கும் பஞ்சு மாதக்கணக்கில் காயாது. ஏசியைக் குறை சொல்வதற்கு முன் மிதியைத் தூக்கி, கார்ப்பெட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஈரம் கசிந்தால் கார்ப்பெட்டைக் கழற்றி வெயிலில் போட வேண்டும், வேறு வழி இல்லை. வெள்ளமே பார்க்காத காரில் இடது பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால், டிரெயின் அடைத்துத் தண்ணீர் உள்ளே வழிகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, "டேஷ்போர்டைக் கழட்டினாதான் சரியாகும்" என்கிறவர்கள். எலி செத்துக் கிடந்தாலோ, நுரை கிளீனருக்கும் படலம் அசையாவிட்டாலோ அது தேவைப்படலாம். பில்டரையும் டிரெயினையும் பார்க்காமல் அந்தப் பேச்சை எடுத்தால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

இப்போது மழைக்கு முன்பும் பின்பும் பில்டரை நானே உருவித் தட்டிப் பார்க்கிறேன். ஆயுத பூஜை மாலை இனி கிரில்லில்தான். தினமும் மாலை கேம்ப் ரோடு சிக்னல் வந்ததும் ஏசியை அணைத்து, வெளிக்காற்றைத் திறந்து, புளோயரை மட்டும் வேகமாக ஓடவிடுகிறேன். வீடு சேரும் ஐந்து நிமிடத்தில் கூலிங் காயில் பெரும்பாலும் காய்ந்துவிடுகிறது. அந்த ஐந்து நிமிடமும் வியர்க்கும். அம்மா முந்தானையால் விசிறிக்கொள்வார். தும்முவதில்லை.