அழித்துவிட்டுப் புதிதாகப் போடு

கதையும் கவிதையும் பேசிவந்த இடத்தில் தரவுத்தள வழங்கியைப் பற்றி எழுதப் புகுந்தால் நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். வாசிப்பின்மேல் நமக்கு மெய்யாகவே மதிப்பு உண்டென்றால், கணினித் திரையில் வந்து நிற்கும் ஒரு பிழைச்செய்தியை வாசிக்க மறுப்பதும் நம் கவலைக்குரிய காரியமே. கோவில்பட்டியிலும் அதைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களிலும் கணினி மக்கர் செய்கிறது என்று சொன்ன மாத்திரத்தில் கிடைக்கும் ஒரே மருத்துவம் ‘அழித்துவிட்டுப் புதிதாகப் போடு’ என்பது. அந்த மருத்துவத்துக்கு எதிராகவே இதை எழுதுகிறோம். அதனால் நாங்கள் இழந்தது என்னவென்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதி 1982இல் வெளிவந்தது. அதில் ஏறாமல் நின்றுபோன சொற்களையும், அதற்குப் பின் பொருள் மாறிய சொற்களையும் திரட்டலாமென்று எங்களில் சிலர் கிளம்பினோம். பருத்திக் காட்டுச் சொற்கள், கமலைச் சொற்கள், தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குகிறவர்களின் சொற்கள் என்று நாலாண்டு சேர்த்தோம். சீட்டுகளில் இருந்தவற்றை மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ஏற்றினோம். கையிலிருந்தது ஒரே மடிக்கணினி. தட்டச்சும் பக்க வடிவமைப்பும் விண்டோஸில் நடந்தன. ஆகவே விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓடவிடும் டபிள்யூஎஸ்எல் என்னும் ஏற்பாட்டில் உபுண்டுவை நிறுவி, அதற்குள் வழங்கியை வைத்தோம்.

2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள் வழங்கியோடு இணைய முடியவில்லை. வழக்கமாக அதை இயக்கித் தருகிற நண்பர் ஊரில் இல்லை. ஊரிலிருந்த ஒரு கணினிப் பயிற்சி நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கிருந்த இளைஞர் திரையை ஒருமுறை பார்த்தார். “லினக்ஸ் கெட்டுப்போச்சு. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்ருவோம் அண்ணாச்சி, ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும்” என்றார். சொன்னபடியே முடித்தும் கொடுத்தார். வழங்கி அழகாக ஓடியது. உள்ளே ஒரு சொல்கூட இல்லை.

சீட்டுகளில் பாதியை அதற்கு முன்பே எடைக்குப் போட்டிருந்தோம். மழைக்கும் காற்றுக்கும் ஊர்ப்பக்கம் வழங்கிய பெயர்களை ஒரு கோடைகாலம் முழுக்க எங்களுக்குச் சொல்லித்தந்த ஒரு பாட்டி அந்த ஆண்டு கொரோனாவில் போய்விட்டார். அவர் சொன்ன பட்டியலைத் திரும்ப எழுத இனி ஆளில்லை. படியெடுத்து வைக்காதது எங்கள் குற்றம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் அன்று அந்த இயந்திரத்தில் பழுதே இல்லை என்பது எங்களுக்குப் பல மாதங்கள் கழித்தே தெரியவந்தது.

அந்த ஆண்டின் இறுதியில், மிஞ்சிய சீட்டுகளை மறுபடி ஏற்றி வைத்திருந்த வேளையில், அதே கோளாறு திரும்ப வந்தது. இம்முறை பயிற்சி நிலையத்துக்குப் புறப்படுமுன் நண்பர் ஒருவரின் மகள் திரையை எட்டிப்பார்த்து, “பெரியப்பா, இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சீங்களா?” என்று கேட்டாள். நாங்கள் வாசித்திருக்கவில்லை. நாவல்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நாங்கள் இரண்டு வரியை வாசிக்கவில்லை.

முதல் வரி, உள்ளூர் மைஎஸ்கியூஎல் வழங்கியோடு சாக்கெட் வழியே இணைய முடியவில்லை என்றது. அதன் முடிவில் அடைப்புக்குறிக்குள் 2 என்றோர் எண் இருந்தது. அந்த எண்தான் செய்தியின் உயிர். 2 என்றால் அந்தப் பெயரில் கோப்பே இல்லை, அதாவது பெரும்பாலும் வழங்கி இன்னும் எழவேயில்லை என்று பொருள். 13 என்று இருந்திருந்தால் கோப்பு உண்டு, உங்களுக்கு அனுமதி இல்லை. 111 என்று இருந்திருந்தால் கதவு உண்டு, உள்ளிருந்து பதில் சொல்ல ஆள் இல்லை. மூன்றுக்கும் மூன்று வேறு வழிகள். மூன்றுக்கும் ஒரே வழியாக அழிப்பைச் சொல்வதற்குப் பெயர் வைத்தியம் அல்ல.

வழங்கியை எழுப்பக் கட்டளை கொடுத்தபோது வந்தது இரண்டாம் வரி. இந்தக் கணினி சிஸ்டம்டியை முதல் செயலாகக் கொண்டு தொடங்கப்படவில்லை, ஆகவே தன்னால் இயங்க முடியாது என்று அது சொன்னது. இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் இந்த ஏற்பாட்டை 2016 ஆகஸ்டில் விண்டோஸ் 10இன் ஒரு புதுப்பிப்போடு வெளியிட்டது. அந்த முதல் வடிவில் லினக்ஸின் கருநிரல் கிடையாது. லினக்ஸ் மென்பொருள் கருநிரலிடம் கேட்பதையெல்லாம் விண்டோஸுக்குப் புரியும்படி அவ்வப்போது பெயர்த்துச் சொல்லும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர்தான் நடுவில் இருந்தார். எந்த மொழிபெயர்ப்பாளருக்கும் பெயர்க்க வராத இடங்கள் சில உண்டு. தரவுத்தள வழங்கிகள் போய் முட்டிக்கொண்டவை அத்தகைய இடங்களில்தான். 2019இல் அறிவிக்கப்பட்டு 2020இல் பரவலாகக் கிடைத்த இரண்டாம் வடிவில் மெய்யான கருநிரலே ஒரு சிறிய மெய்நிகர் இயந்திரத்துக்குள் வந்து குடியேறிவிட்டது.

அப்போதும் ஒரு குறை நின்றது. சாதாரண உபுண்டுவில் கணினி விழித்ததும் முதலில் எழுவது சிஸ்டம்டி. அதுவே மற்றச் சேவைகளை ஒவ்வொன்றாக எழுப்பும். டபிள்யூஎஸ்எல்லில் அந்த முதல் இடத்தில் மைக்ரோசாஃப்டின் சொந்தச் செயல் ஒன்று உட்கார்ந்திருந்தது. ஆகவே கணினியை அணைத்து எழுப்பினால் வழங்கி தானாக எழாது; அதை எழுப்பும் வழக்கமான கட்டளையும் வேலை செய்யாது. சிஸ்டம்டிக்கு அங்கே இடம் கிடைத்தது 2022 செப்டம்பரில்தான். இன்று புதிதாக நிறுவப்படும் உபுண்டுவில் இந்தத் தொல்லை இல்லை. பழைய நிறுவலாயின் டபிள்யூஎஸ்எல்லைப் புதுப்பித்து, அதன் அமைவுக் கோப்பில் இரண்டு வரி சேர்த்துவிட்டால் போதும்.

எங்களுக்கு 2021இல் அதுவும் தேவைப்படவில்லை. ‘சுடோ சர்வீஸ் மைஎஸ்கியூஎல் ஸ்டார்ட்’ என்று பழைய முறையில் கட்டளையிட்டதும் வழங்கி எழுந்தது. சொற்கள் அத்தனையும் வைத்த இடத்தில் இருந்தன. முதல் தடவையும் இதே நான்கு சொற்கள் போதுமானவையாக இருந்தன என்பதை எண்ணும்போது இன்றும் வயிறு எரிகிறது.

இது தற்செயலாக நேர்ந்த ஒரே நிகழ்ச்சியாயின் எழுதியிருக்க மாட்டோம். அதன்பின் எங்களிடம் வந்த மாணவர்களின் கணினிகளில் பார்த்தவை எல்லாம் இதே இனம். ரூட் பயனருக்கு அனுமதி மறுக்கப்பட்டது என்ற செய்தியைக் கண்டு கடவுச்சொல் மறந்துபோயிற்று என்று மூன்று முறை மறுநிறுவல் செய்தான் ஒரு பையன். உபுண்டுவின் மைஎஸ்கியூஎல்லில் ரூட்டுக்கு இயல்பாகக் கடவுச்சொல் கேட்கும் வழக்கமே இல்லை; இயங்குதளத்தில் நீங்கள் யார் என்பதையே அது பார்க்கிறது. ‘சுடோ மைஎஸ்கியூஎல்’ என்று நுழைந்திருந்தால் கதவு திறந்திருக்கும். அதை எத்தனை முறை புதிதாக நிறுவினாலும் அது அதே கேள்வியைத்தான் கேட்கும்.

இன்னொருவர் அமைவுக் கோப்பை விண்டோஸின் சி வட்டில் வைத்துக்கொண்டு, மாற்றங்கள் ஏறவில்லையே என்று அலைந்தார். அங்கிருக்கும் கோப்புகள் இயல்பாக எவரும் எழுதத்தக்கவையாகவே லினக்ஸின் கண்ணுக்குத் தெரியும். எவரும் எழுதத்தக்க அமைவுக் கோப்பை மைஎஸ்கியூஎல் நம்பாது, புறக்கணித்துவிடும். புறக்கணித்தேன் என்று ஒரு வரியில் சொல்லியும் விடும். போஸ்ட்கிரெஸ் இன்னும் கண்டிப்பு. தரவுக் கோப்புறையை அப்படித் திறந்து போட்டால் எழவே மறுக்கும். மூன்றாமவரின் கணினியில் விண்டோஸிலும் ஒரு மைஎஸ்கியூஎல், லினக்ஸிலும் ஒன்று. 3306 என்ற வாசலில் பதில் சொன்னது விண்டோஸ்காரர். அட்டவணைகளைக் காணோம் என்று அழுதவர் தட்டியது வேறு வீட்டுக் கதவை.

நான்கு கோளாறுகள், நான்கு காரணங்கள். நான்கிலும் இயந்திரம் உண்மையைச் சொல்லிவிட்டிருந்தது. அதன் குறிப்பேடும் ‘எரர் லாக்’ என்ற பெயரில் லாக் கோப்புறைக்குள் இருந்தது. கேட்க ஆளில்லை.

இந்த அழிப்பு மனப்பான்மை நேற்று வந்ததல்ல. 2011இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கத் தொடங்கியபோது அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னையில் உருவான, இந்திய மொழிகளைக் கருதிச் செய்யப்பட்ட இயங்குதளம் அது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் கணினியை வாங்கிய கையோடு கடைக்குப் போய் அதை அழித்துவிட்டு வந்தார்கள். ‘இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது’ என்பது காரணம். என்னவென்று திறந்து பார்த்துவிட்டு வேண்டாமென்றால் அது தேர்வு. திறக்காமலே அழித்தால் அதற்கு வேறு பெயர்.

மறுநிறுவல் எப்போதுமே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. உள்ளே காக்க ஒன்றும் இல்லாத புது நிறுவலை அழித்துப் போடுவதில் நட்டமில்லை. வட்டே சிதைந்தால் வேறு வழியும் இல்லை. நேரமும் கணக்குத்தான், நாளொன்றுக்குப் பத்துப் பேர் வந்து நிற்கும் கடையில் ஒவ்வொரு வரியையும் ஆராய்ந்துகொண்டிருக்க முடியாது என்ற பதிலில் நியாயம் உண்டு. எங்கள் சண்டை கடைக்காரரோடு அல்ல. கற்பிக்கும் இடத்தில் அதையே பாடமாக வைப்பவர்களோடுதான். காசு வாங்கிக்கொண்டு கட்டளைகளை மனப்பாடம் செய்விக்கிறார்கள். கட்டளை பலிக்காதபோது வரும் பதிலை வாசிக்கச் சொல்லித்தருவதில்லை. வெளியூர் நேர்முகத் தேர்வில் நம் பிள்ளைகள் தடுமாறுவது அந்த இடத்தில்தான். பின்பு பழி ஆங்கிலத்தின்மேல் விழுகிறது.

இங்கே ஒரு மாற்றுக் குரல் எழும். செய்தி ஆங்கிலத்தில் அல்லவா இருக்கிறது, கரிசல் காட்டுப் பிள்ளை என்ன செய்யும் என்று. இந்தச் செய்திகளில் திரும்பத் திரும்ப வருபவை ஐம்பது அறுபது சொற்கள்தான். அவற்றின் பொருளைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். தமிழில் இவை வராது என்பதும் பொய். 2012 முதல் கணியம் இதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதிவருகிறது, து. நித்யாவின் ‘எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்’ இலவசமாகவே கிடைக்கிறது. செய்கிறவர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். செய்யாதவர்கள் நாம். தமிழின் பெருமையை மேடையில் பேசிவிட்டு, ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்பதற்கு எட்டு வரி விளக்கம் எழுதுவதை இலக்கியத்துக்குக் குறைவான வேலையாக நினைப்பவர்கள் நாம். தன் ஊர்ச் சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பொருள் எழுதியவரின் மண்ணில் இருந்துகொண்டு அப்படி நினைக்கிறோம்.

புரட்டாசியில் புழுதி விதைப்பு விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும் சம்சாரி, மழை பெய்தும் முளை காணவில்லையென்றால் ஏரைப் பூட்டி முழுக்காட்டையும் மறுபடி உழுதுவிடுவதில்லை. குனிந்து, விரலால் மண்ணைக் கிளறி, விதையைத் தேடியெடுத்துப் பார்க்கிறார். எறும்பு இழுத்துப் போயிற்றா, அரை ஈரத்தில் முளைவிட்டுக் காய்ந்ததா, மேல்மண் இறுகி முளையை அமுக்கிவிட்டதா என்று அறிந்தபின்னே அடுத்த வேலை. மறுவிதைப்புக்கு விதை வேண்டும், கூலி வேண்டும், பருவம் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். இந்த நிதானத்தைக் காட்டிலிருந்து கணினிக்கு முன்னால் கொண்டுவந்து வைக்க நமக்கு எந்தப் பல்கலைக்கழகமும் தேவையில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது மூன்று. முதலாவது, எதையும் தொடுமுன் படியெடுங்கள். வழங்கி ஓடினால் ‘மைஎஸ்கியூஎல்டம்ப்’ போதும். ஓடாவிட்டாலும் ‘டபிள்யூஎஸ்எல் எக்ஸ்போர்ட்’ முழு உபுண்டுவையும் ஒரே கோப்பாகக் கட்டித் தந்துவிடும். இரண்டாவது, ‘அன்ரெஜிஸ்டர்’ என்ற சொல்லை எவராவது தட்டச்சத் தொடங்கினால் கையைப் பிடியுங்கள். அது உபுண்டுவோடு அதற்குள் இருக்கும் அனைத்தையும் துடைத்துவிடும். ‘பர்ஜ்’ கட்டளையாவது தரவையும் நீக்கவா என்று கேட்கும். வாசிக்காத விரல் அதற்கும் ஆமென்று அழுத்திவிடும். மூன்றாவது, பயிற்சி நிலையம் நடத்துகிறவர்கள் முதல் வாரத்தில் ஒரு நாளையாவது வேண்டுமென்றே கெடுத்துவைத்த வழங்கிக்கு ஒதுக்குங்கள். நிறுவக் கற்பதைவிட, நிறுவியது ஏன் நின்றதென்று கண்டுபிடிக்கக் கற்பதே பிழைப்புக்கு உதவும்.

கோவில்பட்டிப் பக்கத்து நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வழங்கி ஓடவில்லையென்றால், திரையில் வந்ததை அப்படியே, அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணோடு சேர்த்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டு எங்களிடம் வாருங்கள். எங்களுக்குத் தெரியாவிட்டால் சேர்ந்து தேடுவோம். அழிக்காமல் வாருங்கள்; அது ஒன்றுதான் நிபந்தனை. மழைக்கும் காற்றுக்கும் பழைய பெயர் அறிந்த பாட்டிமார் உங்கள் ஊரில் இருந்தால் அதையும் அந்தத் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள். இந்தமுறை இரண்டு இடத்தில் படியெடுத்து வைப்போம்.