கடைசி வரியை நம்பாதே!

ராத்திரி பத்து மணிக்கு ஒரு சி புரோகிராமை ஓட விட்டுட்டு நிம்மதியா தூங்கப் போயிருக்கீங்களா பாஸ்? நான் போனேன். மினி புராஜெக்டுக்காக ஹாஸ்டல் ரூமில் ஒரு டெம்பரேச்சர் சென்ஸார். நிமிஷத்துக்கு ஒரு ரீடிங், ஒவ்வொண்ணும் ஃபைலில் ஒரு வரி. மறுநாள் பதினோரு மணிக்கு ரிவ்யூ. காலையில் எழுந்து பார்த்தா ஸ்கிரீனில் 'டபுள் ஃப்ரீ'ன்னு ஒரு புலம்பல். அதுக்குக் கீழே, 'அபார்ட்டட், கோர் டம்ப்டு'!

ஃபைலைத் திறந்தேன். 4.49 வரைக்கும் சுத்தமா இருக்கு. 4.50-க்கான வரி பாதியில் அறுந்து தொங்குது. அப்போ 4.50-லதான் ஏதோ ஆயிருக்குன்னு முடிவு கட்டி, அந்த வரியை எழுதுற கோடையே ஒரு மணி நேரம் குடைஞ்சேன். ம்ஹூம். பல் தேய்ச்சுக்கிட்டே வந்த ரூம்மேட், "மச்சி, ஃபைல் சைஸைப் பாரு"ன்னான். மிகச் சரியா 8192 பைட். அதாவது ரெண்டு 4096. வயித்தைக் கலக்கிடுச்சு!

விஷயம் இதுதான். நாம 'எஃப்பிரின்ட்எஃப்'ல எழுதுறது உடனே ஃபைலுக்குப் போயிடாது. அது நம்ம ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி. ஆள் நிரம்பினாத்தான் வண்டி நகரும். லினக்ஸில் பெரும்பாலும் 4096 பைட் நிரம்பணும். ஸ்கிரீனுக்கு எழுதும்போது மட்டும் வரிக்கு வரி கிளம்பும், அதனாலதான் லேபில் இந்த வில்லங்கம் கண்ணில் படுறதில்லை. புரோகிராம் 'எக்ஸிட்' வழியா முடிஞ்சா, அரை வண்டி ஆளோடயாவது கிளப்பிடுவாங்க. 'அட்எக்ஸிட்'ல பதிஞ்சு வெச்ச ஃபங்ஷன்களும் ஓடும். 'அபார்ட்'டில் இது ரெண்டுமே கிடையாது. வண்டியில் உட்கார்ந்திருந்தவங்க அப்படியே காலி!

கோர் ஃபைல் உருவான நேரம் 5.40. ஆக, என் புரோகிராம் 4.50-க்கு அப்புறமும் ஐம்பது நிமிஷம் உயிரோடதான் இருந்திருக்கு. ஜிடிபியில் அந்த கோரைப் போட்டு 'பிடி'ன்னு அடிச்சேன் (பேக்டிரேஸுக்குச் சுருக்கம், தமிழ்லயும் பொருத்தமாத்தான் இருக்கு!). ரெண்டே நிமிஷத்தில் மாட்டிச்சு. 5.40-க்கு சென்ஸார் குப்பையா ஒரு பதில் அனுப்ப, நான் அந்த எர்ரர் பாதையில் ஒரே பஃபரை ரெண்டு தடவை ஃப்ரீ பண்ணியிருக்கேன்.

"அபார்ட் ஆனாலும் ஃபைல் தானா எழுதிடும்டா"ன்னு ஒரு சீனியர் சத்தியம் பண்ணியிருந்தார். அவர் மேல முழுத் தப்பும் இல்லை. ஜிலிப்சியில் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனா சில நேரம் அதுவே புரோகிராமைத் தொங்க வைக்கும், டேட்டாவைக் கெடுக்கும். அதனால 2018-ல வந்த 2.27 வெர்ஷனில் தூக்கிட்டாங்க.

'சிக்அபார்ட்' சிக்னலைப் பிடிச்சு, ஹேண்ட்லருக்குள்ள 'எஃப்ஃப்ளஷ்' போட்டுடலாமேன்னு தோணுதா? எனக்கும் தோணுச்சு. வேண்டாம். புரோகிராம் விழுந்ததே மெமரியை நிர்வாகம் பண்ற இடத்துக்குள்ள. அந்த நிலைமையில் மறுபடி மால்லாக், பிரின்ட்எஃப்னு கூப்பிட்டா, சாகாமலும் வாழாமலும் அப்படியே நின்னுடலாம். ஹேண்ட்லருக்குள்ள பயமில்லாம கூப்பிட 'ரைட்' மாதிரி கொஞ்சம் ஃபங்ஷன்கள்தான் இருக்கு. ஹேண்ட்லர் வேலையை முடிச்சுத் திரும்பி வந்தாலும் அபார்ட் விடாது, கொன்னுட்டுத்தான் போகும்.

அதனால நான் பண்ணினது சாதாரண வேலை. ஒவ்வொரு ரீடிங்குக்கும் பின்னால ஒரு எஃப்ஃப்ளஷ். நிமிஷத்துக்கு ஒண்ணுதானே, என்ன செலவாகிடப் போகுது? (லட்சக்கணக்கில் எழுதுற புரோகிராம்னா யோசிக்கணும். கரன்ட் போனாலும் டேட்டா வேணும்னா 'எஃப்சிங்க்'கும் வேணும். எங்க ஹாஸ்டலுக்கு அது அவசியம்!)

இன்னொண்ணு. உங்க புரோகிராம் விழுந்ததும் ஷெல்லில் 'எக்கோ டாலர் கேள்விக்குறி' அடிச்சுப் பாருங்க. 134 வந்தா அபார்ட், 128-ஓட அதோட சிக்னல் நம்பர் 6. 139 வந்தா செக்மென்டேஷன் ஃபால்ட். 137 வந்தா யாரோ 'கில் மைனஸ் 9' போட்டிருக்கலாம், இல்லை மெமரி தீர்ந்துபோய் கெர்னலே தீர்த்துக் கட்டியிருக்கலாம். அதைப் பிடிக்க எந்த ஹேண்ட்லராலும் முடியாது.

ரிவ்யூவில் 409 ரீடிங்கைத்தான் காட்டினேன். "ஏன் 4.49-லயே நிக்குது?"ன்னு மேடம் கேட்டாங்க. மேலே எழுதின கதையைத்தான் சொன்னேன், ஷேர் ஆட்டோ உட்பட. சிரிச்சாங்க. மார்க் போடலை. மறுபடி ஓட்டிட்டு வியாழக்கிழமை வரச் சொல்லிட்டாங்க.