உறங்கும் சட்டம் யாரைக் காக்கும்?

தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் நடந்த முறைகேடுகளை விவரித்து, தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்தின் இளம் பொறியாளர் சத்யேந்திர துபே 2002 நவம்பரில் பிரதமர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். தன்னைப் பற்றிய விவரங்களைத் தனித்தாளில் இணைத்து, அவற்றை ரகசியமாக வைத்திருக்கும்படி வேண்டினார். ஆனால், கடிதம் அவர் பெயரோடு சேர்த்தே அதிகாரிகள் பலரின் மேசைகளைச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அதிகாலையில் பிகாரின் கயா நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்றே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும், நம்பி எழுதிய ஊழியரின் பெயரைக் காக்க அரசு தவறியது என்ற உண்மை மாறாது.

நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பின் விளைவாக, இத்தகைய புகார்களைப் பெறும் பொறுப்பை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம் 2004-ல் அரசு ஒப்படைத்தது. முறைகேடுகளை வெளிப்படுத்துவோரைக் காக்கும் சட்டத்துக்கு 2014 மே மாதம்தான் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அதை நடைமுறைப்படுத்தும் அறிவிக்கையை மத்திய அரசு இன்றுவரை வெளியிடவில்லை. மாறாக, பத்து வகைத் தகவல்கள் குறித்துப் புகார் அளிக்கவே தடை விதிக்கும் திருத்த மசோதாவை 2015-ல் மக்களவையில் நிறைவேற்றியது. அந்த மசோதாவும் மாநிலங்களவையைத் தாண்டவில்லை.

இந்த இழுத்தடிப்பின் விலையை ஊழியர்களே கொடுக்கிறார்கள். கோப்பில் கண்ட தவறைச் சொன்னவருக்குத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல் வருகிறது. அடுத்து ஒழுங்கு நடவடிக்கைக்கான 17 பி குறிப்பாணை. பிறகு பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இருக்காது. தனித்தனியே பார்த்தால் எல்லாம் 'நிர்வாகக் காரணம்'. அதனால்தான், எடுத்த நடவடிக்கை பழிவாங்கல் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பை அலுவலகத்தின் மீதே சுமத்தும் பிரிவு இச்சட்டத்தின் உயிர்நாடி. புகார்தாரரின் பெயரைக் கசியவிடுபவருக்கு மூன்றாண்டு வரை சிறை என்றும் சட்டம் சொல்கிறது.

பொய்ப் புகார்கள் பெருகும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. மொட்டைக் கடிதங்களை இச்சட்டம் ஏற்பதில்லை; தெரிந்தே பொய் சொல்பவருக்கு இரண்டாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

குறை வேறிடத்தில் இருக்கிறது: தனியார் துறை ஊழியர்கள் இதன் வரம்புக்குள் வரவில்லை. ரான்பாக்ஸி மருந்து நிறுவனத்தில் தரப் பரிசோதனைத் தரவுகள் புனையப்பட்டதை அதன் முன்னாள் அதிகாரி தினேஷ் தாக்கூர் அமெரிக்க அரசிடம் அம்பலப்படுத்தினார். 2013-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு நிறுவனம் 50 கோடி டாலர் செலுத்தியது. இந்திய நிறுவனத்தின் தவறை இந்தியர் ஒருவர் சொல்ல, அமெரிக்கச் சட்டம் துணை நிற்க வேண்டியிருந்தது. இங்கோ, கம்பெனிகள் சட்டம் நிறுவனத்துக்குள்ளேயே ஒரு புகார் ஏற்பாட்டைக் கேட்பதோடு நின்றுவிடுகிறது.

நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தைக் கிடப்பில் போட எந்த அரசுக்கும் தார்மிக உரிமை இல்லை. 2014-ம் ஆண்டுச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்யாமல் மத்திய அரசு உடனே அமலுக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்த கட்டமாக, தனியார் ஊழியர்களுக்கும் அதே பாதுகாப்பை விரிவுபடுத்த வேண்டும்.