குத்தகை நிலத்துக்கு அடித்த எரு யாருக்குச் சொந்தம்?

அடுத்த ஆண்டும் உங்கள் கையில் இருக்குமா என்று தெரியாத குத்தகை வயலுக்குப் பத்து வண்டி தொழு உரம் அடிப்பீர்களா? பெரும்பாலோர் அடிக்கமாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. யூரியா போட்டால் பலன் இந்தப் போகத்திலேயே தெரிந்துவிடும். எருவின் பலனோ பல ஆண்டுகளுக்கு நீளும். அதை அனுபவிக்கப்போவது வேறொருவர் என்றால் யார்தான் செலவழிப்பார்? இங்கிலாந்தின் பழைய பண்ணைகளில் இந்தக் கேள்வி பல நூற்றாண்டுகள் ஓடியிருக்கிறது. அவர்கள் தடுமாறிய இடங்களும் கண்டுபிடித்த வழியும் குத்தகை விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை.

'ஃபார்மர்' என்றால் விவசாயி என்கிறோம். அதன் மூலமான 'ஃபிர்மா' என்ற லத்தீன் சொல்லுக்கு நிர்ணயித்த தொகை என்று பொருள். அப்படிக் குத்தகை கட்டியவரையே முதலில் 'ஃபார்மர்' என்றார்கள். 'மேனர்' என்பது ஒரு பிரபுவின் ஆளுகையில் இருந்த கிராமப் பண்ணை. பிரபுவின் சொந்த நிலத்தைக் குடியானவர்கள் கூலியில்லாமல் உழுது கொடுத்தார்கள். 1348-49-ல் பிளேக் நோயில் மக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தபின் உழ ஆள் கிடைக்கவில்லை. பிரபுக்கள் மெல்ல மெல்லச் சொந்த நிலத்தையும் குத்தகைக்கு விட்டார்கள். சில பண்ணைகளில் மாடும் விதையும் சேர்த்தே கொடுத்து, தவணை முடிந்ததும் அதே அளவு திருப்பி வாங்கினார்கள். மாட்டை எண்ண முடிந்தது. மண்ணின் வளத்தை எண்ணத் தெரியவில்லை.

தென்மேற்குப் பகுதிகளில் 'மூன்று உயிர்' குத்தகை என்று ஒன்று இருந்தது. மூன்று பேரின் பெயரை எழுதி, அவர்களில் கடைசி ஆள் உயிரோடு இருக்கும்வரை நிலம் குத்தகைதாரருக்கு. நுழையும்போது பெரிய தொகை, பிறகு ஆண்டுக்குச் சிறு வாடகை. நீண்ட ஆயுளை எதிர்பார்த்துப் பலர் தங்கள் பிள்ளைகளின் பெயரை எழுதினார்கள். அது முழுக்க முழுக்கச் சூதாட்டம்தான்.

எல்லோரும் மேற்கோள் காட்டுவது நார்ஃபோக் மாவட்டத்தின் ஹோல்காம் பண்ணையை. 1776-ல் அதற்கு உரிமையாளரான தாமஸ் வில்லியம் கோக் 21 ஆண்டுக் குத்தகை கொடுத்தே மணல் நிலத்தைப் பொன்னாக்கினார் என்பார்கள். அவருக்கு முன்பே அங்கே நீண்ட குத்தகையும் டர்னிப், குளோவர் சாகுபடியும் இருந்ததைப் பண்ணையின் பழைய ஆவணங்கள் காட்டுகின்றன. புகழில் பாதியை முன்னோருக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் 21 ஆண்டுக்கு ஒரு காரணம் உண்டு. நாம் ஏரி வண்டல் அடிப்பதுபோல, அவர்கள் சுண்ணாம்புச் சத்துள்ள களிமண்ணைத் தோண்டி மணல் நிலத்தில் பரப்பினார்கள். செலவு முதல் ஆண்டில், பலனோ பல ஆண்டுகளுக்கு. குறுகிய குத்தகையில் இந்த வேலையை யாரும் தொடமாட்டார்கள்.

பத்திரத்தில் ஷரத்துகளும் இருந்தன. கோதுமை, பார்லி போன்ற தானியத்தை அடுத்தடுத்து விதைக்கக்கூடாது. வைக்கோலையும் டர்னிப்பையும் வெளியே விற்கக்கூடாது; பண்ணை மாடும் ஆடும் தின்று எருவாக மண்ணுக்கே திரும்ப வேண்டும். இத்தனை எழுதியும் நீண்ட குத்தகைக்கு ஒரு நோய் உண்டு: கடைசி சில ஆண்டுகளில் குத்தகைதாரர் மண்ணைச் சுரண்டிவிட்டுப் போவது. எத்தனை நீளமான தவணைக்கும் ஒரு கடைசி ஆண்டு உண்டல்லவா?

என்னைக் கேட்டால், ஹோல்காமைவிடக் கவனிக்க வேண்டியது லிங்கன்ஷயர். அங்கே பெரும்பாலும் ஆண்டுக் குத்தகைதான். ஆனாலும் விவசாயிகள் சுண்ணாம்பும் எலும்புத்தூளும் தாராளமாகப் போட்டார்கள், மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கிப் போட்டார்கள். காரணம் ஊர் வழக்கம். வெளியேறும் குத்தகைதாரர் போட்டதில் இன்னும் தீராத பலனுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். இரு தரப்பு மதிப்பீட்டாளர்களும் வந்து கணக்குப் போடுவார்கள்.

அந்தக் கணக்குக்கு அறிவியல் அடிப்படை கொடுத்தது இன்னொரு பழைய மேனர். ராதம்ஸ்டெட் பண்ணையின் உரிமையாளர் ஜான் பென்னட் லாஸ் 1843-ல் அங்கே உரப் பரிசோதனைகளைத் தொடங்கினார். ஒரு டன் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கைத் தின்ற மாட்டின் உடலில் எவ்வளவு தழைச்சத்து தங்கும், சாணத்தில் எவ்வளவு வரும், பயிர் எடுத்தபின் மண்ணில் எவ்வளவு எஞ்சும் என்று கணக்கிட்டு, மண்ணில் எஞ்சிய உரத்தின் மதிப்பைப் பற்றி 1875-ல் எழுதினார். பின்னர் மதிப்பீட்டாளர்களுக்கான அட்டவணைகளும் வந்தன. அந்தப் பண்ணையின் பார்லி வயலில் ஒரு பாத்திக்கு 1852 முதல் 1871 வரை தொழு உரம் இட்டுப் பிறகு நிறுத்திவிட்டார்கள். எருவே காணாத பாத்தியைவிட அது பல பத்தாண்டுகள் கழித்தும் கூடுதல் மகசூல் தந்தது. அப்படியானால், எரு அடித்துவிட்டு வெறுங்கையோடு வெளியேறும் குத்தகைதாரர் நில உரிமையாளருக்கு எத்தனை பெரிய பரிசு கொடுத்துவிட்டுப் போகிறார் என்று பாருங்கள்.

இழப்பீட்டுச் சட்டமும் 1875-ல்தான் வந்தது. ஆனால் ஒப்பந்தத்தில் 'இது எங்களுக்குப் பொருந்தாது' என்று எழுதித் தப்பித்துக்கொள்ள அதில் இடம் இருந்தது. பல நில உரிமையாளர்கள் அப்படியே செய்தார்கள். 1883-ல்தான் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. 1948-ல் குத்தகைதாரருக்கு நிலப் பாதுகாப்பும், 1976-ல் வாரிசு உரிமையும் கிடைத்தன. விளைவு, நில உரிமையாளர்கள் புதிதாகக் குத்தகைக்கு விடவே தயங்கினார்கள். 1995-ல் தவணையை இரு தரப்பும் பேசி முடிவு செய்யலாம் என்று சட்டம் மாற்றப்பட்டது. தவணைகள் மறுபடி சுருங்கின. குறுகிய குத்தகையில் யாரும் மண்ணுக்குச் செலவழிப்பதில்லை என்ற பழைய புகார் இன்றும் அங்கே கேட்கிறது.

மாறாமல் நிற்பது அந்த வெளியேறும் நாள் கணக்கு. அன்று மதிப்பீட்டாளர் நிலத்துக்கு வருகிறார். விதைத்துவிட்ட பயிர், விட்டுச்செல்லும் வைக்கோல், போட்ட எரு, சுண்ணாம்பு என்று ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டுகிறார். எதை எப்போது போட்டோம் என்பதற்கு ரசீதும் குறிப்பும் வைத்திருக்கும் குத்தகைதாரர் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த பண்ணைக்குப் போகிறார்.