பந்தாட்டத் தோல்வி: பழி யாருக்கு?

2025ஆம் வருஷம் நவம்பர் மாதம் 18ந் தேதி டாக்கா நகரில் நமது தேசத்தின் கால்பந்துக் கோஷ்டி வங்காள தேசத்தாரிடம் ஒரு கோல் கணக்கில் தோற்றது. 2003ஆம் வருஷத்திற்குப் பிறகு அவர்களிடம் நாம் தோற்றது இதுவே முதல் தடவை. அதற்கு ஒரு மாதம் முன்னதாகவே, அக்டோபர் 14ந் தேதி மட்காவில் சிங்கப்பூர் கோஷ்டியிடம் ஒன்றுக்கு இரண்டாகத் தோற்று, 2027ஆம் வருஷத்து ஆசியக் கோப்பைப் பந்தயத்தில் கலந்துகொள்ளும் யோக்கியதையை நாம் இழந்தாய்விட்டது. 2019, 2023 ஆகிய இரண்டு பந்தயங்களிலும் இடம்பெற்ற தேசம் இப்போது வாயிலுக்கு வெளியே நிற்கிறது. 2023 ஜூலையில் உலக வரிசையில் 99ஆவது இடத்தில் இருந்த நாம் 2025 ஜூலையில் 133ஆவது இடத்திற்கு இறங்கினோம்.

இந்தத் துயரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். நமது திருச்செந்தூர்க் கடைத்தெருவிலும், அபுல் கலாம் ஆசாத் ஞாபகார்த்தமாக அகில இந்தியப் பந்தயம் நடத்தும் காயல்பட்டினத்து மைதானத்திலும் கேட்கிற வாதம் ஒன்றேதான். பயிற்சியாளரே குற்றவாளி என்கிறது ஒரு கட்சி. ஆட்டக்காரர்களே குற்றவாளிகள் என்கிறது மற்றொன்று. நியாயஸ்தலத்தில் நடப்பதுபோல் இரு தரப்பின் சாட்சியத்தையும் எடுத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுவது நமது கடமையென்று கருதுகிறோம்.

முதலில் பயிற்சியாளர் மீதுள்ள வழக்கு. 2019 முதல் பதவியிலிருந்த குரோஷியா தேசத்து இகோர் ஸ்டிமாச் 2024 ஜூன் மாதத்தில் விலக்கப்பட்டார். அவ்வருஷம் மார்ச்சில் குவாஹாத்தியில் ஆப்கானிஸ்தானத்தாரிடமும், ஜூனில் கத்தார் தேசத்தாரிடமும் தோற்றதே காரணம். அடுத்து வந்த ஸ்பெயின் தேசத்து மனோலோ மார்க்கேஸ் எட்டு ஆட்டங்களில் மாலத் தீவினரை ஒரு முறை வென்றதோடு சரி. 2025 ஜூலையில் அவரும் போனார். 2025 ஆகஸ்டில் காலித் ஜமீல் நியமனம் பெற்றார். 13 வருஷங்களுக்குப் பிறகு இந்தியர் ஒருவருக்கே அப்பதவி கிடைத்ததென்று தேசாபிமானிகள் மகிழ்ந்தார்கள். சில வாரங்களில் மத்திய ஆசியப் பந்தயம் ஒன்றில் ஓமன் கோஷ்டியைப் பெனால்டி முறையில் வென்று மூன்றாம் இடமும் பெற்றார். ஆனால் மட்காவும் டாக்காவும் அவர் காலத்தில் நேர்ந்தவையே. ஒன்றரை வருஷத்திற்குள் மூன்று பேர் அந்த ஆசனத்தில் அமர்ந்தார்கள்; தோல்வி மட்டும் ஆசனத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. மூன்று வைத்தியர்களை மாற்றியும் தீராத வியாதிக்கு நான்காவது வைத்தியரைத் தேடுமுன், நோயாளி என்ன உண்கிறான் என்று கேட்பது புத்தியுள்ளவர் செயலாகும்.

அப்படியானால் பயிற்சியாளரால் ஆகிற காரியம் ஒன்றுமே இல்லையா? இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். ஐதராபாத்தில் பள்ளி உபாத்தியாயராக இருந்த சையத் அப்துல் ரகீம் என்ற மகான் 1950 முதல் தம் அந்திய காலம் வரை நமது கோஷ்டியைப் பழக்கினார். 1951இல் டில்லியில் ஆசியத் தங்கம். 1956இல் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1962 செப்டம்பரில், நம்மவரைக் கண்டு கூச்சலிட்ட ஜாகர்த்தா ஜனத்திரளின் நடுவே தென் கொரியாவை இரண்டுக்கு ஒன்றாக வென்று மறுபடியும் ஆசியத் தங்கம். அன்று கோல் காத்தவர், நமது மதராஸ் ரெஜிமெண்டு மையத்தில் ஆடி வளர்ந்த பீட்டர் தங்கராஜ். அடுத்த வருஷம் ஜூன் மாதத்தில் ரகீம் புற்றுநோயால் காலஞ்சென்றார். அவருக்குப் பின் ஆசிய விளையாட்டுகளில் கால்பந்துத் தங்கம் இந்தியாவுக்கு வரவில்லை. இதைவிடப் பயிற்சியாளரின் பெருமைக்குச் சாட்சி வேண்டுமா? ஆயினும் ரகீமுக்குப் பதின்மூன்று வருஷம் கொடுக்கப்பட்டது என்பதை வாசகர்கள் மறக்கலாகாது. இடையே 1952இல் ஹெல்சின்கியில் யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்றாகத் தோற்று வந்தவரும் அவரேதான். இன்றைய வழக்கப்படி நடந்திருந்தால் ஹெல்சின்கியிலிருந்து திரும்பிய கப்பலடியிலேயே அவருக்குச் சீட்டுக் கிழித்திருப்பார்கள். மெல்பர்னும் ஜாகர்த்தாவும் நமது சரித்திரத்தில் இடம்பெற்றிரா.

இனி ஆட்டக்காரர் மீதுள்ள வழக்கு. 1948இல் லண்டன் ஒலிம்பிக்கில் நம்மவர் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, பிரான்சிடம் ஒன்றுக்கு இரண்டாகத் தோற்றார்கள். அன்று கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் வீணாக்கினோம். அதற்கு எந்த ஆசானைக் குற்றஞ்சாட்டுவது? மட்காவில் முதலில் கோல் போட்டவர்கள் நாம். முன்னிலையைக் காப்பாற்றத் தெரியாமல் இரண்டு கோல் கொடுத்தவர்களும் நாமே. இத்தகைய நேரத்தில் மைதானத்தையும் மழையையும் மத்தியஸ்தரையும் குறை கூறுவது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையேயாகும். அது மட்டுமா? 2024 ஜூனில் ஓய்வு பெற்ற சுனில் சேத்ரியை, 2025 மார்ச்சில் அவருக்கு நாற்பது வயதாகியிருந்தபோது, மீண்டும் அழைத்து வரும்படி நேர்ந்தது. அது அந்த வீரருக்குப் பெருமை. அவருடைய ஸ்தானத்திற்கு ஒரு வாலிபரும் தயாராகாதது மற்றவர்களுக்குச் சிறுமை.

இவ்விரு வழக்குகளையும் ஒருங்கே சோதிக்க நமது சென்னைக் கோஷ்டியின் கதையைவிடச் சிறந்த உதாரணம் வேறில்லை. ஜான் கிரெகரி என்ற ஆங்கிலேயரின் கீழ் சென்னையின் எப்.ஸி. 2018 மார்ச்சில் பெங்களூரை அதன் சொந்த மைதானத்திலேயே மூன்றுக்கு இரண்டாக வென்று இந்தியன் சூப்பர் லீக் பட்டம் பெற்றது. மறு பருவத்தில் அதே கிரெகரி, பெரும்பாலும் அதே ஆட்டக்காரர். பதினெட்டு ஆட்டங்களில் இரண்டே ஜயம், பத்துக் கோஷ்டிகளில் கடைசி இடம்! பயிற்சியாளரே எல்லாம் என்பவர் இதற்கு என்ன விடை சொல்வார்? அதற்கடுத்த பருவத்தில், ஆறு ஆட்டங்களில் ஒன்றே வென்ற நிலையில் கிரெகரி விலக, ஓவன் காயில் வந்தார். ஆட்டக்காரர் மாறவில்லை. ஆயினும் அவர்களே நான்காம் இடத்திற்கு ஏறி, 2020 மார்ச்சில் இறுதி ஆட்டம் வரை சென்றார்கள். ஆட்டக்காரரே எல்லாம் என்பவர் இதற்கு என்ன விடை சொல்வார்? பின்னும் கேளுங்கள்: அதே காயில் மறுபடி அழைத்து வரப்பட்டார், 2024-25 பருவத்தில் கோஷ்டி பதினோராவது இடத்தில் நின்றது. ஆகவே ஒருவர் மீது மட்டும் பழி சுமத்தும் வாதம் எதுவும் விசாரணையில் நிலைக்கவில்லை.

தமிழ்நாட்டில் பிறந்த சைமன் சுந்தரராஜ் 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராகக் கோல் போட்டவர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட கடைசிக் கோல் அதுவே. பயிற்சியாளராக அவர் 1973இல் கேரளத்திற்கு அதன் முதல் சந்தோஷ் கோப்பையை வென்று கொடுத்தார். நமது மாகாணமோ அந்தக் கோப்பையை ஒருமுறையேனும் வென்றதில்லை. ஆசான் நம்மவர், கோப்பை அயலவர்க்கு! வித்தையைப் பெற்றுக்கொள்ளும் நிலம் அங்கே பண்பட்டிருந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் உண்டா?

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுதான் தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு என்பதை நமது ஜில்லாவாசிகள் அறிவார்கள். தென்காலில் தண்ணீர் வராதபோது கடைமடைக் குடியானவனைப் பார்த்து, உனக்கு உழத் தெரியவில்லை என்றோ, உன் மாடு நோஞ்சான் என்றோ யாரும் சொல்லுவதில்லை. மேலே மதகைத் திறக்க வேண்டியவர் யார், வாய்க்காலைத் தூர்வார வேண்டியவர் யார் என்றே கேட்பார்கள். தேசியக் கோஷ்டியின் பயிற்சியாளர் கடைமடைக் குடியானவர். பத்து வயதுச் சிறுவனிடம் தொடங்கி, பள்ளிக்கூடம், ஜில்லா, மாகாணம், லீக் என்று இறங்கி வருகிற நீரைக் கொண்டே அவர் பயிரிட வேண்டும். அந்த நீர் எங்கே தடைப்படுகிறது?

இங்கேதான் குற்றவாளிக் கூண்டில் ஏறாத மூன்றாவது எதிரி அகப்படுகிறார். அவர் 1937இல் ஸ்தாபிதமான அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம். 2022 ஆகஸ்டில் நிர்வாகக் குழப்பத்தினால் உலகச் சம்மேளனத்தின் தடைக்கு ஆளாகி உலகத்தார் முன் தேசத்தைத் தலைகுனிய வைத்தது இந்தச் சபை. ஆட்டக்காரர் தேர்வுக்கு ஜோசியரின் யோசனை கேட்கப்பட்டதாக 2023இல் செய்தி வெளிவந்து ஊர் சிரித்தது. தேசியக் கோஷ்டியின் பயிற்சியாளர் அதே பருவத்தில் கோவாக் கோஷ்டிக்கும் பயிற்சியாளராக இருக்க 2024இல் இது சம்மதித்தது. ஸ்டிமாசுக்கு 2023இல் ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டு மறு வருஷம் விலக்கியதன் பயனாக நான்கு லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்க உடன்பட்டது. 2025இலோ, வர்த்தகக் கூட்டாளியோடு ஒப்பந்தம் முடிவாகாமையால் லீக் பந்தயமே நிறுத்தி வைக்கப்பட்டு, அவ்வருஷம் முடியும் வரை தொடங்கவில்லை. ஆட்டமின்றி ஆட்டக்காரன் எங்ஙனம் தேறுவான்? சட்டியில் இருந்தாலல்லவா அகப்பையில் வரும்?

டாக்காவில் நாம் தோற்ற அதே 18ந் தேதி, குராசாவ் என்ற சிறு தீவு ஜமைக்காவோடு சமமாக ஆடி 2026ஆம் வருஷத்து உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அதன் ஜனத்தொகை சுமார் 1.5 லட்சம், நமது தூத்துக்குடி நகரத்தின் ஜனத்தொகைகூட அதைவிட அதிகம். அன்று அதன் பயிற்சியாளர் டிக் அட்வகாட் குடும்ப காரியமாக மைதானத்தில் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் அவருடைய ஆட்டக்காரரில் மிகப் பலர் ஹாலந்து தேசத்தில் சிறுபிராயம் முதல் ஒழுங்கான லீக்குகளில் வாராவாரம் ஆடி வளர்ந்தவர்கள். 140 கோடி ஜனங்களில் பதினொருவர் கிடைக்கவில்லையா என்று அங்கலாய்ப்பவர்களுக்கு இதுவே விடை. ஜனங்களை எண்ணிப் பயனில்லை. ஆடிய ஆட்டங்களை எண்ண வேண்டும்.

ஆகையால் நாம் நான்கு காரியங்களை வற்புறுத்துகிறோம். பயிற்சியாளருக்கு நான்கு வருஷ தவணை கொடுக்கப்பட வேண்டும். இடையில் விலக்கினால் அதன் காரணம் எழுத்து மூலமாகப் பிரசுரிக்கப்பட வேண்டும். அவருக்கு இரண்டாவது உத்தியோகம் கூடாது. லீக் கோஷ்டிகள் கோல் போடும் ஸ்தானங்களை அந்நியருக்கே பட்டயம் போட்டுக் கொடுக்கும் வழக்கத்தைக் குறைத்து, நம் வாலிபர்களை அங்கே ஆடவிட வேண்டும். ஜில்லா தோறும் சிறுவர் லீக் மாதக்கணக்கில் நடைபெற வேண்டும். இரண்டு நாள் பந்தயம் நடத்திப் படம் எடுத்துக்கொள்வது போதாது. சம்மேளனம் தன் வரவு செலவையும், எத்தனை சிறுவர் எத்தனை ஆட்டம் ஆடினர் என்ற கணக்கையும் வருஷந்தோறும் ஜனங்கள் முன் வைக்க வேண்டும். மணப்பாட்டிலும் ஆலந்தலையிலும் புன்னைக்காயலிலும் பிறக்கும் பையனுக்குப் பதினான்கு வயதிற்குள் நூறு ஆட்டமாவது ஆடக் கிடைக்குமா என்பதே நமது கேள்வி. இதற்கு உத்தரம் சொல்லாதவர்கள் தேசியக் கோஷ்டியின் தோல்விக்கு மூக்கைச் சிந்துவதில் அர்த்தமில்லை.

நமது ஊர்க் கடற்கரையில் ஐப்பசி தோறும் நடக்கும் சூரசம்ஹாரம் யாவரும் அறிந்தது. சேனாபதி இல்லாதவரை தேவர்கள் தோற்றார்கள் என்பது மெய்யே. ஆனால் சேனாபதி தனியே வரவில்லை. வீரபாகு முதலான வீரர்கள் உடன் வந்தார்கள். அன்னை வேலும் கொடுத்தனுப்பினாள். கையில் வேலும் கொடாமல், படையும் திரட்டித் தராமல், சேனாபதியை மட்டும் களத்திற்கு அனுப்பிவிட்டு, மாலையில் அவர் தோற்றுத் திரும்பினதும் வேறு சேனாபதியைத் தேடுகிறது நமது சம்மேளனம். இதைக் கண்டும் வாளாவிருந்து, தோற்ற அன்று மட்டும் வசைபாடும் நாமும் பழியில் பங்காளிகளே. அந்தப் பங்கைத் தீர்க்கும் வழி, அவரவர் ஊர்ச் சிறுவருக்கு ஒரு மைதானமும் ஒரு பந்தும் ஒரு நல்ல ஆசானும் கிடைக்கும்படி இந்த வருஷமே முனைவதுதான்.