மலையகத் தமிழர் நாம்: ஹட்டன் கொள்கைப் பிரகடனம்

ஹட்டனில் கூடியிருக்கும் நாங்கள் மலையகத் தமிழர்கள். கொழுந்து எடுப்பவர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள், கொழும்புக் கடைகளில் வேலை பார்ப்பவர்கள் எனப் பலராகப் பிரிந்து நின்றாலும் எல்லோரும் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வழிவந்தவர்களே. எங்கள் இயக்கத்தைத் தொடங்கும் இந்நாளில் எங்கள் நிலைப்பாட்டை அறிவிக்கிறோம்.

எங்கள் முன்னோர் 1823 முதல் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்கு அழைத்துவரப்பட்டனர். மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்களில் நோயிலும் பசியிலும் மாண்டவர் ஏராளம். மிஞ்சியவர்கள் காட்டை வெட்டிக் கோப்பி நட்டார்கள்; கோப்பி அழிந்தபின் தேயிலை நட்டார்கள்; ரோடும் ரயில்பாதையும் போட்டார்கள்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினோம். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964இல் இலங்கை, இந்திய அரசுகள் எங்களைக் கேட்காமலே 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டன. மீதி 150,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தன. அண்ணன் கப்பலேற, தம்பி தோட்டத்தில் நின்றான். எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003வரை சட்டங்கள் தேவைப்பட்டன.

பிரஜாவுரிமை வந்தது, நிலம் வரவில்லை. பலருக்கு இன்றும் சொந்த முகவரி இல்லை. கடிதம் தோட்டத்து ஆபீஸுக்கே வருகிறது. காணியும் முகவரியும் இல்லாத பிரஜை இந்நாட்டில் பாதிப் பிரஜைதான். ஆகவே அறிவிக்கிறோம்:

1. நாங்கள் இலங்கையர், மலையகத் தமிழர். அரசப் பதிவுகளில் எங்கள் இனத்தின் பெயரை நாங்களே தீர்மானிப்போம்.

2. ஒவ்வொரு குடும்பத்துக்கும் உறுதிப் பத்திரத்துடன் வீடும் காணியும் வேண்டும். கணவன், மனைவி இருவர் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

3. தமிழும் ஆட்சிமொழி என்கிறது அரசியலமைப்பு. பொலிஸிலும் ஆஸ்பத்திரியிலும் பிரதேச செயலகத்திலும் அது நடைமுறையாக வேண்டும்.

4. எங்கள் கூத்துகளான காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அர்ச்சுனன் தபசும் எங்கள் பாடசாலைகளில் கற்பிக்கப்பட வேண்டும். அவற்றை ஆடிக்காட்டும் முதியவர்களே ஆசிரியர்களாக வேண்டும்.

5. எங்கள் அடையாளம் எவருக்கும் எதிரானதன்று. ஹட்டன் கடைவீதியில் சிங்களவரும் முஸ்லிம்களும் எங்கள் அயலவர். சிவனொளிபாதமலைக்குப் போகும் யாத்திரிகர்கள் எங்கள் விருந்தினர். வடக்கு கிழக்குத் தமிழர் எங்கள் உறவினர். ஆனால் எங்கள் வரலாறு வேறு, கோரிக்கையும் வேறு.

6. வெளியே சமத்துவம் கேட்கும் நாங்கள் உள்ளே சாதி பார்க்க மாட்டோம். மலையில் கூடை சுமக்கும் பெண்கள் தலைமையிலும் சரிபாதி இருப்பார்கள்.

தேர்தலுக்குத் தேர்தல் வரும் வாக்குறுதிகளுக்காக இனிக் காத்திருக்க மாட்டோம். தோட்டந்தோறும் கூடுவோம். காணி இல்லாத குடும்பங்களின் பட்டியலை நாங்களே எடுப்போம். அதை அரசின் முன் வைப்போம். மலையகத்து மக்களே, கட்சியையும் தொழிற்சங்கத்தையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு இந்த வேலைக்கு வாருங்கள்.